மூன்றாம் பந்தியில் வந்தவர்கள்

நெய்வேலி,
4-4-1963

அன்பும் மரியாதையும் உள்ள வீரம்மாள் அக்காவுக்கு, தமயந்தி எழுதிக்கொண்டது.

மேல்பட்டாம்பாக்கத்தில் நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். செல்லக்கிளிக்கு இருமல் விட்டதா? ஷிப்டு முடிந்து வந்ததும் இவர் கேட்பது "கடுதாசி வந்துச்சா" என்பதைத்தான். இல்லை என்றால் சட்டையைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அதற்காகவாவது நீங்கள் நாலு வரி போடலாம்.

குழந்தைக்குக் காதுகுத்து சித்திரை பதினைந்து, ஏப்ரல் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்திருக்கிறோம். இங்கே குவார்ட்டர்ஸிலேயே, வாசலில் பந்தல் போட்டு மதியச் சாப்பாடு. அன்றைக்கு அவளை இங்கேயே விட்டுவிட்டுப் போவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் செய்கிறோம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. உங்கள் தங்கை போன நாளிலிருந்து இரண்டு வருஷமாக அவளை வளர்த்தவர் நீங்கள். நான் இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் மீது எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நானேதான் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு முன் இரண்டு தடவை அழைத்து வந்தீர்கள். இரண்டு தடவையும் பொழுது சாய்வதற்குள் அழுது உங்களோடு திரும்பிவிட்டாள். இந்தத் தடவையும் அப்படி ஆனால் நான்காவது தடவை கேட்க எனக்கு வாய் வராது.

இப்போது ஒரு சங்கடம். எத்தனை இலைக்குச் சாப்பாடு சொல்வது என்று தெரியவில்லை. முத்தாண்டிக்குப்பத்துச் சமையல்காரர் கண்ணையன் தம்முடைய கொட்டகையிலேயே சமைத்து, அண்டாக்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பரிமாறுகிறவர். குறைந்தால் இங்கே மறுபடி உலை வைக்க முடியாது. நூற்றிருபது பேரை அழைத்திருக்கிறோம் என்றேன். சிரித்தார்.

"அழைச்சது கெடக்கட்டும்மா. ஊருக்குள்ளாரன்னா வூட்டுக்கு நாலு பேருன்னு போட்டுக்கினு போயிடுவேன். இங்க அப்பன் ஏ ஷிப்டு, புள்ள பி ஷிப்டு. சி ஷிப்டுக்காரன் மத்தியானம் தூங்கிக்கினு இருப்பான், அவன் பொண்டாட்டி அவனுக்குக் காவலு. யாரு எந்த ஷிப்டுன்னு எழுதிக் குடுங்க, நான் எலை சொல்றேன்."

இவர் மைன்ஸிலிருந்து ஷிப்டு சார்ட்டைக் கொண்டுவந்தார். இரண்டு நாளாக இருவரும் பென்சிலும் கையுமாக இருக்கிறோம். கண்ணையனுக்கு ஒரு பழக்கம் உண்டாம். விசேஷம் முடிந்ததும் எச்சில் இலைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். அடுத்த விசேஷத்துக்கு அதுதான் அவருக்கு அளவு. அதனால் நான் தப்பாகச் சொன்னாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று கூச்சப்படாமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பை நாடும்,
தமயந்தி


மேல்பட்டாம்பாக்கம்,
9-4-1963

சௌபாக்கியவதி தமயந்திக்கு வீரம்மாள் ஆசி சொல்லி எழுதுவது.

குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டது. கடுதாசி போடாததற்குக் கோபம் காரணமில்லை என்று மாப்பிள்ளைத் தம்பியிடம் சொல். நான் எழுத உட்கார்ந்தால் இவள் வந்து மடியில் குந்திக்கொள்கிறாள். பேனாவைப் பிடுங்கித் தானும் எழுதுகிறாள். இந்தக் காகிதத்தின் மூலையில் இருக்கும் கிறுக்கல் அவளுடையதுதான். அப்பாவுக்காம்.

எங்கள் பக்கம் நான், உன் மாமா, குழந்தை, மூன்றே பேர். வேறு யாரையும் கூட்டி வரமாட்டேன். ஆனால் நீ ஒரு இலை கூடுதலாகச் சொல்ல வேண்டும். என் தங்கை மாணிக்கத்துக்கு.

உங்கள் பக்கம் இந்த வழக்கம் உண்டா தெரியாது. இங்கே கழுத்தில் தாலியோடு, கட்டுக்கழுத்தியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்போம். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் அவளை அழைக்க வேண்டும். இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை பொழுதோடு, தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போ. புது முறத்தில் சேலை, பூ, மஞ்சள் எடுத்துக்கொள். கரையில் நின்று பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிடு. ஒரு செம்பு தண்ணீர் மொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வா. செம்பைச் சேலை மேல் வை. விசேஷத்தன்று முதல் இலை அவளுக்கு. அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. அவள் இலையில் குழந்தையை உட்கார்த்தி வைப்போம். உட்கார்ந்து சாப்பிட்டால் அவளுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் விட்டுவிட்டு வருவேன். எழுந்து ஓடிவிட்டால் திரும்ப அழைத்து வந்துவிடுவேன், பிறகு நீயும் கேட்கக் கூடாது. என் மனசு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறது. அதனால் முடிவை அவளிடம் விட்டிருக்கிறேன்.

வீரம்மாள்


நெய்வேலி,
15-4-1963

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். சம்மதம். முடிவை மூத்தவரிடம் விடுவதுதான் சரி. நானோ நீங்களோ முடிவு செய்தால் இன்னொருவருக்கு ஆறாது.

கணக்கு ஒருவழியாகத் தீர்ந்தது. ஏ ஷிப்டுக்காரர்கள் இரண்டு மணிக்கு மேல் வருவார்கள், அது மூன்றாம் பந்தி. குழந்தைகளை அரை இலையாக எண்ணக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் சொன்னார். அவர் விருதுநகர்க்காரர், இந்த விஷயங்களில் கண்டிப்பு. தொண்ணூறு இலை. அதோடு முதல் இலை ஒன்று. கண்ணையனிடம் அந்த ஒன்றைச் சொல்லத் தயங்கினேன்.

"அத நீங்க சொல்லணுமாம்மா? பூவாடைக்காரி எலைய நான் எண்ணிக்கையில சேக்கறதே இல்ல. மொதல்ல எடுத்து வெச்சிடுவேன்" என்றார்.

தண்ணீர்தான் தகராறு. டவுன்ஷிப்பில் கிணறு ஏது, குளம் ஏது? குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழைக்க முடியுமா என்று இவரிடம் கேட்டேன். சிரிக்காமல் யோசித்தார். பிறகு கண்ணையன்தான் வழி சொன்னார். சுரங்கத்தைச் சுற்றி ராப்பகலாக பம்பு ஓடுகிறதல்லவா, பூமிக்கடியில் இருந்து இறைத்த தண்ணீர் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் வாய்க்காலாகப் போகிறது. அங்கே போகலாம் என்றார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு காலம் கிடந்த தண்ணீரோ.

வெள்ளிக்கிழமை நானே போகிறேன்.

தமயந்தி


நெய்வேலி,
2-5-1963

அன்புள்ள அக்காவுக்கு,

செல்லக்கிளி சுகமாக இருக்கிறாள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நீங்கள் பஸ் ஏறியதிலிருந்து இன்றுவரை ஒரு தடவைகூட அழவில்லை. காதும் புண்ணாகவில்லை.

அவள் அம்மாவின் இலையில் உட்கார்ந்து பாயசம்வரை மீதி வைக்காமல் சாப்பிட்டதை நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அப்போது உங்களிடம் வந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த மாதிரி நேரங்களில் பேச்சு வராது. இப்போது சொல்கிறேன். உங்களுக்கு நான் செய்தது சின்னத் துன்பம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவள் சாப்பிடுகிற அழகைச் சொல்ல வேண்டும். தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போய்ப் பக்கச் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறாள். நான் மோர் எடுத்துக்கொண்டு போவதற்குள் தட்டு காலி. யார் ஊட்டினார்கள் என்று விளையாட்டாகக் கேட்டால், "அவங்கதான்" என்கிறாள்.

ஒரு சின்ன மனக்குறை, உங்களிடம் உரிமையோடு சொல்கிறேன். மூன்றே பேர் என்று எழுதினீர்கள். மூன்றாம் பந்தியில் உங்கள் பக்கத்துப் பெண்கள் சுவர் ஓரம் வரிசையாக உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். முன்னால் ஒரு வரி எழுதியிருந்தால் கண்ணையனிடம் சொல்லியிருப்பேன். நல்லவேளை, சாப்பாடு போதுமானதாக இருந்தது. அவர்களை முறையாக வாங்க என்றுகூடக் கேட்க முடியவில்லை, பின்பக்கமாக வந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் தலை ஈரமாக இருந்தது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தும் உலரவில்லையே என்று நினைத்தேன். இரண்டாம் முறை எதையும் கேட்டு வாங்காமல் அமைதியாகச் சாப்பிட்டார்கள். அவர்களிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தமயந்தி


மேல்பட்டாம்பாக்கம்,
6-5-1963

தமயந்திக்கு,

உன் கடுதாசி இன்று காலை வந்தது. பதிலை இன்றே தபாலில் போட உன் மாமாவை நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர்தான் வந்தோம். வேறு யாரையும் கூட்டி வரவில்லை.

சுவர் ஓரம் உட்கார்ந்தவர்களை நானும் பார்த்தேன். உன் பக்கத்துச் சனம் என்று நினைத்தேன். உன் ஊர் கோபிச்செட்டிப்பாளையத்தில் இருந்து இவ்வளவு பேர் வந்திருக்கிறார்களே, நாம் மூன்று பேராக வந்தது மரியாதைக் குறைவோ என்றுகூட நினைத்தேன். ஒருத்தியிடம் போய், "எந்த ஊருங்க, எப்ப வந்தீங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள், பேசவில்லை. உங்கள் ஊர்க்காரர்கள் அளந்துதான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று வந்துவிட்டேன். திரும்பும்போது உன் மாமாவிடம் அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேள். கண்ணையனிடம் இலைக் கணக்கைக் கேள். வாய்க்கால் கரையில் நீ என்ன சொல்லிக் கூப்பிட்டாய் என்பதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுது.

குழந்தையைக் கொல்லைப்புறத்தில் தனியாக விடாதே.

வீரம்மாள்


நெய்வேலி,
11-5-1963

அன்புள்ள அக்காவுக்கு,

பொன்னம்மாளைக் கேட்டேன். "ஒங்க வீட்டுக்காரரு ஆளுக, பண்ருட்டிப் பக்கம்னுல்ல நெனச்சேன்" என்றார். அவருடைய கணவர் அவர்களை எதிர் பிளாக்குக்காரர்கள் என்று நினைத்தாராம். நான் உங்கள் சனம் என்று நினைத்தேன், நீங்கள் என் சனம் என்று நினைத்தீர்கள். பத்து ஜில்லாக்காரர்கள் ஒன்றாக வந்து உட்கார்ந்தால் தெரியாத முகம் எதுவும் சந்தேகமாகத் தெரிவதில்லை.

வாசலில் நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். வந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதினேன். யாருக்கும் நன்றி எழுத மறக்கக் கூடாது என்பதற்காக. எண்பத்து நான்கு பெயர். கண்ணையன் எண்ணிய இலை நூற்று ஐந்து. முதல் இலை இதில் சேரவில்லை.

"நான் உங்களாண்ட வந்து கேக்கணும்னுதான் இருந்தேன்மா" என்றார். "தொண்ணூறு எலைக்கு வடிச்சேன். நூத்தஞ்சி எலை விழுந்துது. சோறு பத்தாமப் போயிருக்கணுமில்ல? எண்பது சொச்சம் பேரு தின்னா என்னா மீறுமோ அத்தினி சோறு அண்டாவுல மீந்துது. இருபத்தோரு எலைய வெளிப்பக்கமா மடிச்சிருந்தாங்க. எழவு வூட்டுல மடிக்கிறாப்புல. காதுகுத்துல யாருடா இப்பிடி மடிக்கிறதுன்னு பசங்களத் திட்டினேன்."

நான் படித்த கதைகளில் இப்படிப்பட்டவர்கள் வெள்ளைச் சேலையில் வருவார்கள். இவர்கள் கட்டியிருந்தது அரக்கும் பச்சையுமாகக் கைத்தறிச் சேலை. ஒருத்தி சேலைத் தலைப்பால் இலையைத் துடைத்தாள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நான் பெயர் சொல்லவில்லை, அக்கா. எங்கள் பக்கம் மூத்தவள் பெயரை இளையவள் வாயால் சொல்ல மாட்டோம். கரையில் நின்று சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. மரியாதைக் குறைவாகப் பட்டது. அதனால், "அக்கா, வாங்க. நம்ம வீட்டில் சாப்பிட வாங்க" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். அதுவே போதும் என்று நினைத்தேன்.

நேற்று முன்தினம் மதியம் நான் துணி உலர்த்தித் திரும்புவதற்குள் குழந்தையைக் காணவில்லை. வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பர்லாங்கு தூரம். பாதம் நனைந்திருந்தது. ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"எல்லாரும் வூட்டத் தேடிக்கினு போறாங்க சித்தி. என்னையும் வாடின்னாங்க. எங்க வூடு எங்கன்னு தெனமும் என்னையே கேக்கறாங்க. எனக்குத் தெரியலன்னேன்."

பயமாக இருக்கிறது. இவரிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். வந்து அழைத்துப் போய்விடுவேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

தமயந்தி


மேல்பட்டாம்பாக்கம்,
25-5-1963

தமயந்திக்கு வீரம்மாள் எழுதுவது.

பதினான்கு நாள் பதில் இல்லையே என்று தவித்திருப்பாய். நான் வீட்டிலேயே இல்லை. உன் மாமாவை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருந்தேன்.

உன் பிளாக் இருக்கும் இடத்தில் முன்பு ஒரு ஊர் இருந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது முந்திரிக்கொட்டை வாங்க அம்மாவோடு வந்திருக்கிறேன். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு அந்தச் சனம் நாலா பக்கமும் போய்விட்டது. உயிரோடு இருந்தவர்கள் சட்டி பானையோடு போனார்கள். போய்ச் சேர்ந்தவர்களிடம் எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர்கள் வீட்டுப் பூவாடைக்காரிகள் அந்த மண்ணிலேயே நின்றிருக்கிறார்கள். நீ வந்து அக்கா என்று கூப்பிட்டாய். எத்தனை வருஷம் கழித்துக் கேட்ட குரலோ. யாரைத்தான் குறை சொல்வது.

பேருந்து ஏறி முத்தாண்டிக்குப்பம், சேத்தியாத்தோப்பு, இன்னும் நாலு ஊர் போனேன். உங்கள் வீட்டில் கட்டுக்கழுத்தியாகப் போனது யார் என்று வாசல் வாசலாகக் கேட்டேன். ஒரு மாமியார்க்காரி, "அவள எதுக்கு இப்ப கேக்கற? பொண்ணு பாக்க வந்தியா?" என்று சீறினாள். விவரம் சொன்னதும் உட்கார்ந்துவிட்டாள். "இங்க கெணத்தாண்ட நின்னு வருசா வருசம் கூப்புடறோம்மா. அவ வந்த மாரியே இல்ல. படையல் போட்டா காக்காகூடத் தொட மாட்டேங்குது" என்றாள். ஒரு கிழவர் கேட்டதும் எழுந்தார். உள்ளே போய் ஒரு பழஞ்சேலையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். பெயரை அவர் மருமகன்தான் சொன்னான்.

இருபது பெயர் கிடைத்தது. இருபத்தொன்றாவது எங்கே தேடியும் அகப்படவில்லை. திரும்பும் வழியில் கண்ணையன் கொட்டகைக்குப் போனேன், அவனுக்கு எல்லா வீடும் தெரியும் என்று. "நீயும் அந்தப் பழைய ஊருதானப்பா, உங்க வூட்டுல யாராவது?" என்றேன். கரண்டியைக் கீழே வைத்தான். "எந்தங்கச்சி வீராயி" என்றான். "அன்னிக்கு அந்த வரிசைக்கு நாந்தாங்க சாம்பாரு ஊத்தினேன். குனிஞ்சிக்கினே ஊத்திக்கினு போயிட்டேன். மூஞ்சியப் பாக்கல."

தனித் தாளில் எல்லாப் பெயரும் எழுதியிருக்கிறேன். பெயருக்கு நேரே ஊர், தெரு, வீட்டு அடையாளம். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் இலை போட்டுச் சோறு வை. ஒவ்வொரு பெயராகச் சொல்லி, உன் வீடு இப்போது இங்கே இருக்கிறது, போய்ச் சேர் தாயே என்று சொல். பெயரை விழுங்காதே. அவ்வளவுதான், வேறு மந்திரம் கிடையாது.

கடைசி வரியில் மாணிக்கத்தின் பெயர் இருக்கும். விலாசம் என் வீடு. அவளையும் அனுப்பிவிடு. அத்தனை பேரைக் கூப்பிட்ட வீட்டில் அவளைத் தனியாக விட எனக்கு மனமில்லை. அவள் இங்கே வந்த பிறகு குழந்தை அங்கே இருப்பது சரிப்படாது. ஜூன் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொள்கிறேன். உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை நீ நம்ப வேண்டும்.

வீரம்மாள்


நெய்வேலி,
1-6-1963

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கண்ணையனிடம் சொல்லி அனுப்பினேன். அவரே வந்தார். எத்தனை பேர், எந்த ஷிப்டு என்று கேட்கவில்லை. "இருபத்தொண்ணா, இருபத்திரண்டா?" என்று மட்டும் கேட்டார். இருபத்திரண்டு என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஷிப்டு மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். பெஞ்சைத் தூக்கி ஓரமாகப் போட்டுக் கொல்லையைக் கழுவிவிட்டார். பொன்னம்மாள் தன் வீட்டுக் குழந்தைகளை அன்று சினிமாவுக்கு அழைத்துப் போய்விட்டார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே.

சுவர் ஓரம் இருபத்தொரு இலை போட்டோம். மாணிக்கம்மாள் அக்காவின் இலை உள்ளே, செம்பு வைத்த இடத்தில். பார்த்தீர்களா, இப்போது எனக்குப் பெயர் எழுத வருகிறது. கண்ணையன் தனியாகவே பரிமாறினார். ஒவ்வொரு இலை முன்னாலும் குனிந்து, பிறகு நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போனார். அங்கே எங்கள் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. காற்று இல்லை. ஆனாலும் சோற்றின் ஆவி மேலே போகாமல் சுவர்ப்பக்கமாகச் சாய்ந்தது.

நான் தாளைப் பிரித்துப் படித்தேன். தபால்காரர் விலாசம் படிப்பது போலத்தான் இருந்தது. அஞ்சலை, முத்தாண்டிக்குப்பம், வேப்பமரத்து வீடு. தையம்மாள், சேத்தியாத்தோப்பு, சந்தைத் தோப்புக்கு எதிர்ச்சந்து, ஓட்டு வீடு. செல்லக்கிளி என் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் ஒரு பெயரையும் ஊரையும் சொல்லி முடித்ததும் அவள் வாசல் பக்கம் தலையைத் திருப்புவாள். யாரோ நடந்து போவதைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள், நான் அடுத்த பெயரைச் சொல்வேன்.

இருபத்தொன்றாவது வீராயி. கண்ணையன் வாசற்படியில் தோளில் துண்டோடு நின்றிருந்தார். நான் விலாசம் சொல்வதற்குள், "வூடு நம்ம கொட்டகைக்குப் பின்னாடிதான் தங்கச்சி. பச்சை பெயின்ட்டு அடிச்ச கதவு" என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த செம்பருத்திக் கிளை அசைந்தது. அப்போது நான் அழுதேன். பயத்தினால் இல்லை.

தாளில் இன்னும் ஒரு வரி இருந்தது.

அக்கா, உங்களுக்கு எழுதிய போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். வாய்க்கால் கரையில் செல்லக்கிளியைக் கண்டேன் என்று எழுதினேன் அல்லவா? அவள் எப்படி நின்றாள் என்று எழுதவில்லை. ஒரு கால் தண்ணீரில், ஒரு கால் கரையில். வலது கை பின்பக்கமாக உயர்ந்து நீண்டிருந்தது. யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினால் எப்படி நிற்பாளோ அப்படி. நான் ஓடிப் போய்த் தொட்டதும்தான் அந்தக் கை தளர்ந்து கீழே விழுந்தது. மணிக்கட்டு ஈரமாக இருந்தது, அதில் நான்கு விரல் பதிந்திருந்தது. "எல்லாரும் வாடின்னாங்க. அம்மாதான் விடமாட்டேன்னுட்டாங்க" என்றாள். நான் வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தார், வந்ததும் என்னிடம் விட்டுவிட்டார்.

அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அவள் அம்மா என்று சொல்கிறவர் இந்த வீட்டில் இருக்கிறார், அது நான் இல்லை என்பதை என் கையாலேயே உங்களுக்கு எழுத வேண்டாம் என்று நினைத்தேன். அவர் போய்விட்டால் அந்த வார்த்தை ஒருவேளை எனக்கு வரலாம் என்றும் நினைத்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று கடைசி வரிக்கு வந்ததும் குழந்தை வாசலைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறகு உள்ளே போய், "மாணிக்கம்மாள் அக்கா, நீங்க இருங்க" என்றேன். செல்லக்கிளி அந்த இலை முன்னால் உட்கார்ந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில் ஒரு கவளத்தை என் வாய்க்கு நேரே நீட்டினாள். "அம்மா உனக்குக் குடுக்கச் சொன்னாங்க சித்தி."

உங்கள் தங்கையை உங்களிடம் அனுப்பச் சொன்னீர்கள். நான் அனுப்பவில்லை. உங்கள் பேச்சை மீறியது இது ஒன்றில்தான், மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. நான் அசந்துபோகிற நேரத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த இந்த வீட்டில் இன்னொருவர் வேண்டும்.

ஒன்பதாம் தேதி கட்டாயம் வாருங்கள். ஒரு நாள் தங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் குழந்தையை அழைத்துப் போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் நான் தடுக்க மாட்டேன். அவள் துணிகளை மடித்துத்தான் வைத்திருக்கிறேன், பிரித்து அடுக்கவில்லை.

மாமாவும் வருகிறாரா என்று ஒரு கார்டு போடுங்கள். இன்று காலை இவருக்கு, எனக்கு, குழந்தைக்கு, அவருக்கு என்று நாலு பேருக்கு அரிசி களைந்தேன். சோறு மீதமாகவில்லை. நீங்கள் இருவரும் வந்தால் ஆறு பேருக்குப் போட வேண்டும்.

தங்கை,
தமயந்தி